வண்டியே வீடு: போர் லாரியும் ஒரு எக்ஸ்ரேவும்

வேனையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் ஒரு ஜோடியின் வீடியோவை நண்பர் அனுப்பியிருந்தார். மடக்குக் கட்டில், குட்டி அடுப்பு, தண்ணீர் டேங்க், கூரையில் சோலார். "நம்ம பக்கம் இப்படி யாராச்சும் வாழ்வாங்களா டாக்டர்?" என்று கேள்வி வேறு.

வாழுறாங்க நண்பர்களே. போன வாரம் பக்கத்துத் தெருவில் ராத்திரி முழுக்க தடதடவென்று சத்தம் போட்டு உங்கள் தூக்கத்தைக் கெடுத்தார்களே, அவங்கதான். திருச்செங்கோட்டு போர் வண்டிக்காரங்க.

எனக்கே இது உறைத்தது ஒரு நோயாளி மூலமாகத்தான். விருத்தாசலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துக்காரர். நாற்பது வயது சொச்சம். வறட்டு இருமல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குது. வேறொரு ஊரில் ஏற்கெனவே ஆறு மாசம் டிபி மாத்திரை சாப்பிட்டு முடித்திருக்கிறார். இப்போது சளியில் கிருமி இல்லை. ஆனால் எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலின் மேல்பகுதியிலும் கேழ்வரகைத் தூவின மாதிரி புள்ளிகள்.

இது செராமிக் ஊர். அகல்விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர் என்று மண்ணும் மாவும் பிசைகிற ஊர். இப்படி ஒரு படம் பார்த்தால் இங்கே எந்த டாக்டரும் முதலில் கேட்பது, "பீங்கான் கம்பெனியில வேலையா?"

"இல்ல சார், லாரியில."

சீட்டில் "லாரி" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். என் தப்பு. இரண்டாவது முறை வந்தபோதுதான், "வீடு எங்க?" என்று கேட்டேன். "வண்டியிலதான் சார். இருபத்திரண்டு வருஷமா."

அப்புறம் அவர் ஓய்வாக உட்கார்ந்து அந்த வீட்டைப் பற்றிச் சொன்னார். ஒரு வீடு இரண்டு லாரிகளில் ஓடுகிறது. முன்னால் போவது ரிக் வண்டி, ஓடும்போது மாஸ்ட் தலைக்கு மேல் படுத்திருக்கும். பின்னால் வருவதில் இருபதடி இரும்புப் பைப்புகள், கேசிங், ஹேமர், பிட் பெட்டி, வெல்டிங் செட், டீசல் பேரல். மிச்ச இடம்தான் குடும்பம்: அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, பாத்திரம், தண்ணீர் டேங்க், சுருட்டிய பாய்கள். எது எங்கே இருக்கணும் என்பது இருட்டில் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும், வேலை பாதி ராத்திரியில்தானே. சமையலுக்குத் தனி ஆள். தூக்கம் பைப் அடுக்குக்குப் பக்கத்தில், தார்ப்பாய்க்கு அடியில். குளியல்? "போர்ல தண்ணி வந்தா அதுலயே குளிச்சிடுவோம் சார். வராத ஊர்ல பெட்ரோல் பங்க்."

இந்த வீட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1966-67ல் பீகாரில் கடும் வறட்சி. அப்போது யூனிசெஃப் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் ரிக்குகளைக் கொண்டுவந்து இறக்கியது. கம்ப்ரசர் காற்றால் பாறைக்குள்ளேயே சுத்தியலை அடிக்க வைக்கும் முறை அது. வெட்டுக் கிணறு தோண்ட மாதக்கணக்காகும் கருங்கல்லில் இது ஒரே நாளில் இறங்கியது. விசைத்தறிக்கும் லாரி பாடி கட்டுவதற்கும் பேர்போன திருச்செங்கோடு அந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு நாடு முழுக்க, ஆப்பிரிக்கா வரைக்கும் அந்த ஊர் வண்டி ஓடுகிறது.

டாக்டராக இந்த வண்டிகளுக்கு நான் கடன்பட்டவன். திறந்த குளம், படிக்கிணற்றுத் தண்ணீரில் பரவிய நரம்புச் சிலந்தி நோயை விரட்டியதில் ஆழ்துளைக் கிணறுக்கும் கைப்பம்புக்கும் பெரிய பங்கு. இந்தியாவின் கடைசி நோயாளி 1996ல். 2000ல் நோய் ஒழிந்ததாகச் சான்றிதழ் கிடைத்தது. இன்றைய மாணவர்கள் அதைப் புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள். நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்த்த கதையும் இதே வண்டிக்கு உண்டுதான், அது வேறு பதிவு.

தண்ணீர் தட்டுகிற வரைக்கும் குழிக்குள்ளிருந்து மேலே வருவது என்ன? பாறை மாவு. கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கு, குவார்ட்ஸ் என்றால் சிலிகா. கண்ணுக்குத் தெரிகிற புழுதி மூக்கிலேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய் வடுவாகும். அதுதான் சிலிகோசிஸ். முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. வந்தபின் மாற்ற மருந்தும் கிடையாது. போதாக்குறைக்கு, இந்த நுரையீரலில் டிபி சுலபமாகக் குடியேறும்.

இது புதுசும் இல்லை. நோயாளியிடம் "என்ன தொழில்?" என்று கேளுங்கள் என 1700லேயே எழுதிவைத்தார் இத்தாலிய டாக்டர் ரமாசினி. (நான் கேட்டேன், அரைகுறையாக.) இங்கிலாந்தின் பீங்கான் ஊர்களில் சிக்கிமுக்கிக் கல்லை உலர இடித்தவர்கள் செத்துக்கொண்டிருந்தபோது, அதைத் தண்ணீரில் நனைத்து அரைக்க தாமஸ் பென்சன் 1726ல் காப்புரிமை வாங்கினார். ஆக, மருந்து தண்ணீர்தான் என்று தெரிந்து 300 வருஷம் ஆகப்போகுது.

தெரிந்தும் என்ன? 1930ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கம். சிலிகா பாறையை உலரக் குடைந்தார்கள். 1936ல் நாடாளுமன்ற விசாரணையில் 476 சாவுகள் என்று பேசப்பட்டது. பின்னால் ஆராய்ந்தவர் 700க்கும் மேல் என்றார். ஏன் இந்த வித்தியாசம்? வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வந்த கறுப்பினக் கூலிகள். இருமல் வந்ததும் கிளம்பிப்போய் வேறெங்கோ செத்தார்கள். சாவு நடந்த ஊரில் சுரங்கம் இல்லை, சுரங்கம் இருந்த ஊரில் சாவு கணக்கில் இல்லை.

நம்ம வண்டிகளிலும் இப்போது பைப் தூக்குகிற பையன்கள் பலர் சத்தீஸ்கர், பீகார், ஒடிசாக்காரர்கள். சட்டப்படி சிலிகோசிஸ் கண்டால் டாக்டர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கேட்டும் காம்பவுண்டும் இல்லாமல் தினம் ஓர் ஊரில் நிற்கிற லாரிக்கு எந்த இன்ஸ்பெக்டர் வருவார்?

அவரிடம் கேட்டேன், வண்டியில் எதையாவது தவறாமல் பராமரிப்பீங்களா என்று. சிரித்தார். "கம்ப்ரசர் ஏர் ஃபில்டர் சார். தூசி ஏறினா மிஷின் காலி. தினமும் கழட்டி ஊதிடுவோம், மணிக்கணக்கு பார்த்து புதுசு மாத்திடுவோம்." யார் ஊதுவது? "நான்தான்." துண்டு கட்டிக்கொண்டு.

போர் வண்டியில் இருக்கிறவர்கள், இருந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால்: இருமல், மூச்சு வாங்கல் என்றால் எக்ஸ்ரே எடுங்கள். டாக்டரிடம் "லாரி" என்று மட்டும் சொல்லாதீர்கள், "போர் லாரி" என்று சொல்லுங்கள். டிபி பரிசோதனையும் அவசியம். துண்டுக்குப் பதில் என்95 முகக்கவசம். பீடி வேண்டவே வேண்டாம். ஓனர்கள் படித்தால்: காற்றோடு கொஞ்சம் தண்ணீரும் கலந்து அனுப்பினால் தூசி பெருமளவு அடங்கும்.

இதை அவருடைய மேனேஜரிடமும் போனில் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார். "செய்யலாங்க சார். ஆனா டேங்க்ல இருக்கிற தண்ணி சோறாக்கவும் பாத்திரம் கழுவவுமே பத்தறதில்லீங்களே. இன்னொரு டேங்க் வைக்கணும்னா பத்துப் பைப்பை இறக்கணுங்க."

நோயாளி எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். போனை வாங்கி, "அண்ணே, என் பாய் விரிக்கிற இடம் இப்ப சும்மாதானே கெடக்கு, அங்க வைங்க" என்றார்.