வண்டலூரில் மாறிய எஞ்சின்

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பெரிய எஞ்சின் ஏற்றுவது உலகம் முழுக்க இருக்கும் பைத்தியம். நம்ம வண்டலூரில் அது தலைகீழாக நடந்தது. 1976இல் 3,528 சிசி வி8 எஞ்சினோடு பிரிட்டனில் வெளிவந்த கார் ரோவர் எஸ்டி1. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதன் உடம்பை எடுத்து, 1985இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று இங்கே இறக்கியது. உள்ளே இருந்ததோ 1,991 சிசி, நாலு சிலிண்டர். 1940களின் வேன்கார்டு எஞ்சின் வழிவந்தது. ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடிய குடும்பம்.

எங்க வேலூர் லாங் பஜார்ல இதைச் சொன்னா, “டிராக்டர் எஞ்சினா?”ன்னு சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பில் பாதிதான் நியாயம் என்பேன். 1953இல் வந்த ட்ரையம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்பத்து 1,991 சிசி எஞ்சின்தான். ஆனா அந்தக் கார் ஒரு டன்கூட இல்லை. ரோவர் நல்ல கனம். வி8 கொடுத்தது 155 குதிரைத்திறன். வண்டலூர் எஞ்சின் கொடுத்தது 83. பெட்ரோலையும் குடித்துத் தீர்த்தது. பக்கத்திலேயே மாருதி 800 சிக்கனமா ஓடிக்கொண்டிருந்த காலம் வேற. யார் வாங்குவாங்க?

1988இல் உற்பத்தி நின்றது. அதோடு, 1961 முதல் ஹெரால்டு கார் செய்துவந்த அந்தத் தொழிற்சாலையின் கதையும். மிஞ்சிய வண்டிகள் சிலவற்றில் பின்னாளில் டீசல் எஞ்சின் ஏறியது.