கம்பியில்லாத் தந்தியும் அந்தமானின் மின்பொறியியல் கல்வியும்

இந்தியப் பேரரசில் கம்பியில்லாத் தந்தி மிக முற்பட்டு நடைமுறைக்கு வந்த இடங்களுள் ஒன்று, இன்று ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள போர்ட் பிளேர். செல்லுலார் சிறையின் கட்டுமானம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த 1904-05ஆம் ஆண்டுகளில், அவ்வூருக்கும் பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தை ஒட்டிய டைமண்ட் தீவுக்கும் இடையே, ஏறத்தாழ 300 மைல் கடல்வெளியைக் கடந்து செய்திகள் செல்லத் தொடங்கின. அதுவரை தண்டனைக் குடியேற்றத்தின் நிர்வாகம் கப்பல் வரவையே நம்பியிருந்தது.

கருவிகள் லாட்ஜ்-மூர்ஹெட் முறையைச் சார்ந்தவை. ஆலிவர் லாட்ஜ் லிவர்பூல் பல்கலைக்கழகக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர். 1894இல் மின்காந்த அலைகளைப் பொதுமேடையில் செய்துகாட்டியவர். அனுப்பும் கருவியையும் பெறும் கருவியையும் ஒரே அதிர்வெண்ணுக்கு இசைவிக்கும் முறைக்கு 1897இல் காப்புரிமை கோரியவர். அலெக்சாண்டர் மூர்ஹெட் கடலடித் தந்திக் கருவிகளில் தேர்ந்தவர். எண்ணெய்ப் படலம் மூடிய பாதரசத்தைத் தொட்டுச் சுழலும் எஃகுச் சக்கரமே இவர்களது உணர்வி. அலை வந்து மோதும் கணத்தில் அப்படலத்தின் தடை தளர்ந்து மின்னோட்டம் பாயும். காகித நாடாவில் மைக்கோடு நெளியும். (இதே காலத்தில் கல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ் இத்துறையில் அரிய ஆய்வுகளை நிகழ்த்தியிருந்தார் என்பதையும் மறத்தலாகாது.)

ஆய்வுக்கூடக் கருத்தொன்று சுமார் பத்தாண்டுகளில் அந்தமானை எட்டிவிட்டது. அக்கருத்தைக் கற்கும் வாய்ப்பு எட்டுவதற்கோ பல தலைமுறைகள் பிடித்தன. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் 1911இலேயே மின்தொழில்நுட்பத் துறை இயங்கத் தொடங்கியது. தீவுகளிலோ முதல் கலை, அறிவியல் கல்லூரியே 1967இல்தான் அமைந்தது. அம்பேத்கர் பெயரிலான பாலிடெக்னிக் 1984இல் தோன்றியது. அடுத்த ஆண்டு நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சி எல்லைக்குள் தீவுகளும் சேர்க்கப்பட்டன. அப்பாலிடெக்னிக் பொறியியல் பட்டம் அளிக்கும் கல்லூரியாக உயர்ந்தது இந்த நூற்றாண்டில்தான். அதற்குமுன் பட்டப்படிப்பை நாடியவர் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ கப்பலேற வேண்டியிருந்தது. சென்னைக்கு ஏறத்தாழ மூன்று நாள் பயணம்.

மக்கள்தொகை சிறிது என்பது வழமையான விளக்கம். 2011 கணக்கெடுப்பில் 3.8 லட்சம் என்பது உண்மையே. ஆயினும் அது அரைகுறை விளக்கம். காலனிய அரசு போர்ட் பிளேரைக் காவல்நிலையமாகக் கண்டது. விடுதலைக்குப் பின்னும் தீவுகள் நெடுங்காலம் கேந்திர எல்லையாகவே கருதப்பட்டன. காவல்நிலையத்திற்குத் தந்தி வேண்டும், மாணவர் வேண்டியதில்லை.

2020 ஆகஸ்ட் 10இல், சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளும் கடலடி ஒளியிழைக் கம்பிவடம் பயன்பாட்டிற்கு வந்தது. அதற்குமுன் செயற்கைக்கோளின் குறுகிய அலைக்கற்றையில் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தரவிறக்குவதே பொறுமையைச் சோதிக்கும் செயல்.

மின்பொறியியலின் உயிர்ப்பான வினாக்கள் சில இத்தீவுகளிலேயே கிடக்கின்றன. நிலப்பகுதியின் மின்வலையமைப்போடு இவற்றுக்கு இணைப்பில்லை. பெரும்பகுதி மின்சாரம் கப்பலில் வந்திறங்கும் டீசலிலிருந்து பிறக்கிறது. நெய்வேலியின் என்.எல்.சி. நிறுவனம் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை 8 மெகாவாட்-மணி மின்கலச் சேமிப்புடன் அமைத்துள்ளது. மேகம் ஒன்று கடக்கும்போது உற்பத்தி சரியும். அச்சரிவை மின்கலம் நொடிகளுக்குள் ஈடுசெய்யாவிடில் சிறிய வலையமைப்பின் அதிர்வெண் தடுமாறும். இச்சிக்கலை முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொள்ள விரும்பும் தீவு மாணவர் பெரும்பாலும் இன்றும் கடல் கடந்தே செல்கிறார்.