மின் மகிழுந்து மின்கல நலமதிப்பீட்டின் வரலாறு

மின் மகிழுந்தின் மின்கல அடுக்கு, புதிதாக இருந்தபோது தேக்கிய ஆற்றலில் எத்தனை விழுக்காட்டை இப்போதும் தேக்க வல்லது என்று கணிப்பது மின்கல நலமதிப்பீடு ஆகும். இது மின்னேற்ற அளவிலிருந்து வேறானது. குடத்தில் இப்போது எவ்வளவு நீர் உள்ளது என்பது மின்னேற்ற அளவு. குடமே எவ்வளவு சுருங்கிவிட்டது என்பது நலமதிப்பீடு.

ஈய அமில மின்கலக் காலம்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓடிய மின் மகிழுந்துகள் பெரும்பாலும் ஈய அமில மின்கலங்களைப் பயன்படுத்தின. மின்னிறக்கத்தின்போது கந்தக அமிலம் ஈயத் தகடுகளுடன் வினைபுரிவதால் கரைசலின் அடர்த்தி குறையும். மின்னேற்றினால் மீண்டும் உயரும். மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டரால் கரைசலை உறிஞ்சி அடர்த்தியை அறியலாம். முழு மின்னேற்றத்துக்குப் பின்னும் ஒரு கலத்தில் மட்டும் அடர்த்தி உயராவிட்டால் அக்கலம் நலிந்தது எனக் கொள்ளலாம். இச்சோதனையை உரிமையாளரே செய்ய முடிந்தது.

லித்தியம் அயனிக் காலம்

லித்தியம் அயனிக் கலங்கள் முற்றிலும் மூடப்பட்டவை. மின்னோட்டம், மின்னழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு வண்டியின் கணினியே கொள்ளளவைக் கணிக்கிறது. எனவே மதிப்பீடு உரிமையாளரின் கையிலிருந்து உற்பத்தியாளரின் மென்பொருளுக்கு மாறியது.

2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் மகிழுந்து கொள்ளளவை 12 கோடுகளாகக் காட்டியது. அதன் மின்கல அடுக்குக்குத் தனிக் குளிரூட்டும் அமைப்பு இல்லை. 2012-இல் அரிசோனா மாநிலத்தின் வெப்பம் மிகுந்த ஃபீனிக்ஸ் பகுதியில் பல வண்டிகளில் கோடுகள் விரைவாகக் குறைந்தன. உரிமையாளர்கள் சிலர் தங்கள் வண்டிகளை முழுமையாக மின்னேற்றி ஓட்டி, அவை செல்லும் தொலைவைத் தாங்களே அளந்தனர். சர்ச்சைக்குப் பின், 5 ஆண்டுகள் அல்லது 60,000 மைல்களுக்குள் கோடுகள் 9-க்குக் கீழே குறைந்தால் மின்கலத்தைச் சரிசெய்து தரும் உத்தரவாதத்தை நிறுவனம் அறிவித்தது.

சட்ட வரையறை

2022 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் 22-ஆம் எண் உலகத் தொழில்நுட்ப ஒழுங்குவிதி ஏற்கப்பட்டது. மகிழுந்தின் மின்கலம் 5 ஆண்டுகள் அல்லது 1,00,000 கி.மீ. வரை 80 விழுக்காடும், 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கி.மீ. வரை 70 விழுக்காடும் ஆற்றலைத் தக்கவைக்க வேண்டும் என்கிறது அது. கலிபோர்னியா மாநிலம் 2026 மாதிரி ஆண்டு முதல் மின்கல நலத்தை ஓட்டுநருக்குக் காட்டுவதைக் கட்டாயமாக்கும் விதியை இயற்றியது.

காட்டப்படும் எண் மென்பொருளின் கணிப்பே என்பதால், அது உண்மையான கொள்ளளவுடன் ஒத்துப்போகிறதா என்று மாதிரி வண்டிகளைச் சோதிக்கவும் ஐ.நா. விதி வகை செய்கிறது. பழைய வண்டி வாங்குவோருக்கு அந்த எண்ணின் நம்பகத்தன்மையே முதன்மையானது.