மேடைக் கட்டபொம்மனும் கணக்குக் கட்டபொம்மனும்

பள்ளி ஆண்டு விழா என்றால் ஒட்டு மீசை, அட்டைக் கத்தியோடு ஒரு சிறுவன் மேடையேறி ஜாக்சன் துரையை அதட்டுவான். கைதட்டல் கூரையைப் பிளக்கும். வரி கட்ட மாட்டேன் என்று சொன்ன வீரன் கட்டபொம்மன் என்பதுதான் பலரும் அறிந்த வரலாறு.

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கம்பெனிப் படை பிறகு தரைமட்டமாக்கியது. ஆனாலும் அவர் மறக்கப்படவில்லை. நெல்லைச் சீமை கிராமங்களில் கதைப்பாடலாகவும் கூத்தாகவும் வாழ்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அவரைத் தெரிந்திருந்தது.

1957-ல் சக்தி கிருஷ்ணசாமி எழுதிய நாடகம் சேலத்தில் அரங்கேறியது. கட்டபொம்மனாக நின்றவர் சிவாஜி கணேசன். நூறு முறைக்கு மேல் ஊர் ஊராக நடந்த இந்த நாடகம் 1959-ல் படமானது. அந்த வேடம் சிவாஜியையும் விடவில்லை. கயத்தாறில் நிலம் வாங்கி அங்கே கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தார்.

சரி, உண்மையில் நடந்தது என்ன?

1798-ல் கலெக்டர் ஜாக்சன் வரிப் பாக்கிக்காக கட்டபொம்மனை இராமநாதபுரத்துக்கு வரச் சொன்னார். தன்னைப் பார்க்கக் குற்றாலத்துக்கு வந்தவரை அங்கே பார்க்கவில்லை. 23 நாட்கள், சுமார் 400 மைல் பின்னாலேயே அலையவிட்டு, செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் சந்தித்தார். கணக்குப் பார்த்தபோது பெரும்பகுதி கட்டப்பட்டிருந்தது. மீதி வெறும் 1080 பகோடா! இருந்தும் கட்டபொம்மனை மணிக்கணக்கில் நிற்க வைத்தார். பிடித்து வைக்கப் பார்த்தபோது கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் உயிரிழந்தார். கட்டபொம்மன் தப்பினாலும் அவருடைய செயலர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததை மேடை சொல்வதில்லை. கட்டபொம்மன் சென்னைக்கு முறையிட்டார். கம்பெனியே விசாரணைக் குழு அமைத்தது. குழு கட்டபொம்மன் மீது குற்றமில்லை என்றது. பிள்ளை விடுதலையானார். ஜாக்சனின் பதவி பறிபோனது.

ஆக, மேடையில் வரி மறுத்தவர் கணக்கில் பெரும்பாலும் வரி கட்டியவர். இதனால் அவர் வீரம் குறைந்துவிடுமா? இல்லை. பாக்கியைத் தீர்க்க நேரில் போனவரையே இப்படி அவமானப்படுத்தினார்கள் என்றால், அடுத்த ஆண்டு அவர் ஏன் ஆயுதம் எடுத்தார் என்பது இன்னும் நன்றாகப் புரிகிறது. நாடகம் அவரை மக்கள் மனதில் காப்பாற்றியது. அவருடைய நியாயத்தை ஏடுகள்தான் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

அடுத்த ஆண்டு விழாவில் அந்தச் சிறுவனுக்குத் தாராளமாகக் கை தட்டுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அந்த 1080 பகோடா கதையையும் அவனுக்குச் சொல்லிவிடுங்கள்.