தங்கும் படமும் போகும் தாளும்: சிவகாசி நாள்காட்டி வழியே நேர அளவுப் படக்காட்சி பற்றி ஒரு மறுவாசிப்பு

இருபது படங்கள், படத்துக்கு இருபது விநாடி. படம் தானாக மாறும். பேசுபவர் அதை நிறுத்த முடியாது. ஆறு நிமிடம் நாற்பது விநாடியில் பேச்சு முடிந்துவிடும். 2003இல் டோக்கியோவில் ஆஸ்ட்ரிட் க்ளைன், மார்க் டைதம் என்னும் கட்டடக்கலைஞர்கள் தொடங்கிய ‘பெச்சா குச்சா’வின் விதி இவ்வளவுதான். 2006இல் சியாட்டிலில் தோன்றிய ‘இக்னைட்’ இருபது விநாடியைப் பதினைந்தாகக் குறைத்தது. இவ்வடிவம் கேட்போரைக் கட்டிப்போடுவது ஏன் என்று கேட்டால், எழுத்து குறைந்து படம் மிகுவதால் என்பதே வழக்கமான விடை. படம் மனத்தில் தங்கும், எழுத்து தங்காது என்பது அதன் அடிப்படை. தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சி பற்றிய பேச்சிலும் இவ்விடையே ‘படமாகக் காட்டுங்கள்’ என்ற அறிவுரையாக வந்து நிற்கிறது.

இவ்விடை முழுத் தவறென்று சொல்ல வரவில்லை. ஆனால் அது காரணத்தை இடம் மாற்றி வைத்துவிடுகிறது என்பது என் கருத்து. கவனத்தைப் பிடித்து நிறுத்துவது படத்தின் அழகோ தெளிவோ அன்று. அது நம் கையை விட்டுப் போகப்போகிறது என்ற உறுதி. இதற்கு நான் முன்வைக்கும் சான்று டோக்கியோவிலிருந்து வரவில்லை. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அடுத்தபடியாகச் சிவகாசி நாடெங்கும் அனுப்பும் டெய்லி காலண்டரே அச்சான்று.

நாள்காட்டி ஆய்வில் ஊறிப்போன ஒரு வாசிப்பு உண்டு. கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜுவின் (1898–1976) தெய்வப் படங்களிலிருந்து அது தொடங்கும். நேருக்கு நேர் நோக்கும் முருகன், தாமரை மேல் இலட்சுமி, பளிச்சென்ற வண்ணம். இந்தப் பார்வையே வீட்டுச் சுவரைப் பூசையிடமாக்கியது என்றும், நாள்காட்டியின் உயிர் அதன் படமே என்றும் அது முடியும். தேதித்தாள் கட்டு இவ்வாசிப்பில் படத்துக்கு ஒரு சாக்கு மட்டுமே. படத்துக்காக மாட்டினார்கள், தேதியும் கூட வந்தது என்பது போல.

பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது நிற்காது. ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கன்று சிவகாசி அச்சகங்கள் அடுத்த ஆண்டுக்கான ஆல்பத்தை வெளியிடுகின்றன. முகவர் ஆல்பத்தைச் சுமந்து ஊர் ஊராகப் போகிறார். நகைக்கடைக்காரரோ மளிகைக்கடைக்காரரோ பக்கங்களைப் புரட்டி, இந்த எண்ணில் இத்தனை என்று ஆர்டர் கொடுக்கிறார். ஆக, படத்தைத் தேர்ந்தெடுப்பது அதை ஆண்டு முழுதும் பார்க்கப்போகிறவர் அல்லர். அதன் கீழே தம் பெயரை அச்சிட விரும்பும் வணிகர். ஒரே வகைத் தாள் கட்டு பிள்ளையார் படத்தின் கீழும் ஒட்டப்படும், அருவிக்காட்சியின் கீழும் ஒட்டப்படும். படம் மாறினால் அது வேறு கடையின் காலண்டர். தாள் இல்லாவிட்டால் அது காலண்டரே இல்லை.

திங்கட்கிழமைத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவே பெரிய எழுத்தில் தேதி. சுற்றிலும் தமிழ் மாதம், திதி, நட்சத்திரம், நல்ல நேரம், சூலம், சந்திராஷ்டமம். ராகு காலம் 7.30 முதல் 9 வரை, எமகண்டம் 10.30 முதல் 12 வரை, குளிகை 1.30 முதல் 3 வரை. செவ்வாய்க்கிழமைத் தாளில் இம்மூன்றும் இடம் மாறியிருக்கும். ஒன்றின் அளவும் மாறியிருக்காது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரையிலான பகல் எட்டுக் கூறுகளாக, கூறுக்கு ஒன்றரை மணி என்று வெட்டப்பட்டிருக்கிறது. மரபுப்படி இக்கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்க வேண்டும். தை மாதத்தில் சிவகாசியில் ஆறரை மணி தாண்டியே உதயம். அச்சுத்தாளோ ஆண்டு முழுதும் ஆறு மணியையே தொடக்கமாகக் கொள்கிறது. இதை அச்சகத்தாரின் கவனக்குறைவாகக் கருதுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏறி இறங்கும் இயற்கைப் பகலை எல்லா வீட்டுக்கும் பொதுவான சம துண்டுகளாக்கியதே இத்தாளின் சாதனை. நீண்டும் குறுகியும் ஓடும் பேச்சை இருபது சம துண்டுகளாக்கும் விதியும் செய்வது இதுவே. இரண்டிலும் அளவு பயன்படுத்துவோர் கையில் இல்லை. ராகு காலத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க யாராலும் முடியாது.

இரண்டாவது இயல்பு இன்னும் முக்கியமானது. தாள் முழுமையற்றது. சந்திராஷ்டமம் என்ற சொல்லுக்கு எதிரே ஒரு நட்சத்திரத்தின் பெயர் மட்டும் இருக்கும். அது யாருடையது என்பது தாளில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது.

“ஏத்தா, இன்னைக்கு யாருக்குச் சந்திராஷ்டமம்னு பாரு.”

“அஸ்தம்னு போட்டிருக்கு ஆச்சி.”

“உங்க மாமாவுக்குல்ல அது! வண்டிய மெதுவா ஓட்டச் சொல்லு.”

விருதுநகர் மாவட்டத்து வீடுகளில் காலையில் கேட்கும் இத்தகைய பேச்சைத் தாள் தானாகச் சொல்வதில்லை, சொல்ல வைக்கிறது. பெச்சா குச்சா என்பதே பேச்சுச் சலசலப்பைக் குறிக்கும் ஜப்பானிய ஒலிக்குறிப்புச் சொல் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மேலே இருக்கும் முருகனோ முழுமையானவர். அவரைப் பற்றி யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. தை பிறந்து சில நாளில் அவர் சுவரோடு சுவராகிவிடுகிறார். வணங்கும் கண் அவரைப் பார்க்கலாம். தகவல் தேடும் கண் அவரைத் தாண்டிக் கீழே போகிறது. பக்தியின் பார்வையையும் கவனத்தையும் ஒன்றாக எண்ணியதே முந்தைய வாசிப்பின் பிழை.

மூன்றாவது, கிழித்தல். நேற்றைய தாளைக் கிழித்தால்தான் இன்று கண்ணில் படும். மறந்தால் காலண்டர் பொய் சொல்லும். பார்ப்பவரை நாள்தோறும் ஒருமுறை கைநீட்ட வைக்கும் வேறு அச்சுப்பொருள் நம் வீடுகளில் அரிது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், நேர அளவுப் படக்காட்சியின் வலிமை மூன்று இயல்புகளில் இருப்பது தெரியும்: சம அளவு, முழுமையின்மை, கட்டாய விலகல். படம் இவற்றுக்கு உதவும் கருவி மட்டுமே. எழுத்தில்லாத படம் அவ்வடிவத்துக்குப் பொருந்துவது அது எளிது என்பதால் அன்று. பேச்சில்லாமல் அது முடியாது என்பதால்.

மறுப்புகள் சில எழலாம். ஒரு நாளையும் இருபது விநாடியையும் ஒப்பிடலாமா என்பது ஒன்று. ஒப்பிடுவது கால நீளத்தை அன்று, காலம் யார் கையில் இருக்கிறது என்பதை. காலண்டருக்குப் பேச்சாளர் இல்லையே என்பது இன்னொன்று. ஆச்சியும் பேத்தியும் அதற்கு விடை சொல்லிவிட்டார்கள். கைப்பேசி வந்தபின் தேதி பார்க்கக் காலண்டர் எதற்கு என்பார்கள். ஆடிப்பெருக்கு ஆல்பங்கள் நின்றுவிடவில்லை என்பதே போதும்.

கனமான மறுப்பு ஒன்று உண்டு. உயிரைக் காக்கும் அறிவை விநாடிக் கணக்கில் சொல்லலாமா? பட்டாசு ஆலையில் இக்கேள்வியை ஒதுக்க முடியாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். அதன் பின்னும் இப்பகுதியில் சாவு நிற்கவில்லை. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். மருந்து கலக்கும்போதும் செலுத்தும்போதும் ஏற்படும் உராய்வு, அலுமினியப் பொடியில் ஈரம் பட்டு எழும் வெப்பம், நால்வருக்கு மேல் இருக்கக் கூடாத அறையில் கூடும் ஆட்கள் என்று காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றே. கலவையின் அளவையும் வரிசையையும் இருபது விநாடியில் கற்பிக்க முடியாது, கற்பிக்கவும் கூடாது. அது கையோடு கை வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியது. 2003இல் கொலம்பியா விண்ணோடம் சிதறியதை ஆராய்ந்த குழு, தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்லைடுகள் வந்து உட்கார்ந்ததைக் குறையாகவே சொன்னது. அந்த எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

ஆனால் அப்பகுதி ஆலைகளின் தேவை அறிவு மட்டுமன்று. ஓர் அறைக்கு நான்கு பேர் என்பது போர்மேனுக்கும் தெரியும், மருந்து செலுத்தும் அக்காவுக்கும் தெரியும். மாவட்டத்தின் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பிலேயே 80 சதவீதத்தை ஒட்டியிருந்தது. எனவே ‘படிக்காதவர்களுக்குப் படம்’ என்ற வாதமும் இங்கு வலுவிழக்கிறது. அங்கே குறைவது, தெரிந்ததை இன்று காலை நினைக்கும் தருணம். ஆலை வாசலில் பெயிண்டில் எழுதிய எச்சரிக்கைப் பலகை அந்த முருகனைப் போல முழுமையானது. என்றும் அங்கேயே இருக்கும். அதனாலேயே யார் கண்ணிலும் படாது. ஆண்டுக்கொரு முறை ஓர் அரங்கில் காட்டும் நூறு வண்ணப் படங்களின் கதியும் அதுவே.

எனவே படத்தைப் பெருக்குவதை விட்டு, காலண்டரின் இலக்கணத்தைப் பின்பற்றலாம் என்பது என் துணிபு. நாளுக்கு ஒரு படம், காலையில் மருந்தில் கை வைக்கும் முன். அப்படம் பாதியே சொல்ல வேண்டும். ஈரமான தரையில் ஒரு பொடித்தட்டு, ஓர் அறை வாசலில் ஐந்து சோடிச் செருப்பு. மீதியை அங்கே வேலை செய்பவர்கள் ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும், நாளுக்கொருவராக. அடுத்த நாள் அத்தாள் அங்கே இருக்கக் கூடாது. சட்டம் கேட்கும் பலகை தன் இடத்தில் இருக்கட்டும். அதன் பக்கத்தில் கிழிபடும் ஒரு தாளும் இருக்கட்டும்.

365 தாளை அச்சிட்டுக் கட்டி ஒட்டும் தொழில் உலகில் வேறெங்கும் தேட வேண்டாதபடி அதே ஊரில் இருக்கிறது. அச்சக உரிமையாளர்களும் ஆலை உரிமையாளர்களும் பல குடும்பங்களில் உறவினர்களே. வரும் ஆடிப்பெருக்கு ஆல்பத்தில் பட்டாசு ஆலைகளுக்கென்று இப்படியொரு தாள் கட்டையும் அவர்கள் சேர்க்க வேண்டும்.