முத்துத் தோணியின் குறுக்குக் கழி

தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. முத்தின் புகழைப் பாடியவர் பலர். தோணியின் குறுக்கே கட்டிய கழியைக் கவனித்தவரோ மிகச் சிலர். மன்னார் வளைகுடாவின் மறுகரையான இலங்கையில் அதனைக் கண்ட கார்டினர் பாதிரியார், 1807-இல் வெளியான தம் நூலில் குறித்து வைத்தார்: ஒருபுறம் மூன்று கற்கள், மறுபுறம் இரண்டு.

முத்துக்குளிப்பவரை ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் அக்கல் கழியின் வெளிப்புறத்தில் தொங்கும். எனினும், கழி முறிவதாயின் தோணியின் விளிம்பருகேதான் முறியும். சுமையைத் தொலைவால் பெருக்கி வரும் திருப்புத்திறன் அங்குதான் உச்சம். மரத்தின் மேல்நார்கள் இழுபட்டும் கீழ்நார்கள் நசுங்கியும், இரண்டும் ஒரு சோடியாக அத்திருப்பத்தை எதிர்த்துச் சமன் செய்கின்றன. அச்சமன் குலைந்தால் கல்லும் கயிறும் கடலுக்கே!

சுவரில் பதித்த உத்தரத்தை 1638-இல் ஆராய்ந்த கலீலியோ, நார்கள் யாவும் இழுபடுவதாகவே கொண்டார். நசுங்கும் பகுதியையும் சேர்த்துச் சமநிலையைக் கூலோம் கணக்கிட்டது 1773-இல். அந்நாளில் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமிருந்தது.