கடாரத்து மலையும் காலடித் தடங்களும்

கெடா மாநிலத்தின் நெல்வயல்களுக்கும் மலாக்கா நீரிணைக்கும் இடையே தனித்து நிற்பது குனோங் ஜெராய். இதன் உயரம் 1,217 மீட்டர். தீபகற்ப மலேசியாவின் மிகவுயர்ந்த சிகரமாகிய தகான் மலை 2,187 மீட்டர். அதனோடு ஒப்பிட்டால் ஜெராய் பாதி உயரத்தைச் சற்றே விஞ்சியதுதான். ஆயினும், தகான் உள்நாட்டுக் காட்டிடையே மறைந்து நிற்க, ஜெராயோ கடற்கரையை ஒட்டிய சமவெளியிலிருந்து நேரே எழுந்து, நெடுந்தொலைவில் வரும் கலங்களுக்கும் புலப்படுகின்றது. இம்மலையின் வரலாறு முழுவதும் அந்தத் தோற்றத்திலிருந்தே தொடங்குகின்றது.

திசை காட்டும் கருவி இல்லாத காலத்தில் மாலுமிகளுக்கு விண்மீன்களும் காற்றுமே துணை. இலங்கையின் தென்கோடியைக் கடந்து, ஏறத்தாழ ஆறாம் பாகை அகலக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி வரும் கலம், வங்கக் கடலைத் தாண்டியதும் இம்மலையைக் காணும். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்தவர்கள், வடகிழக்குப் பருவக்காற்று வீசும்வரை இங்கே காத்திருக்க வேண்டும். அங்ஙனம் காத்திருந்தோரின் தங்குமிடங்களும் வணிகத் துறைகளும் வழிபாட்டிடங்களும் மெர்போக், மூடா ஆறுகளின் கரைகளில் தோன்றின. அப்பகுதியே பூஜாங் பள்ளத்தாக்கு.

தமிழ் மாணவர்க்கு இவ்விடம் புதிதன்று. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகம் என்பதற்குக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் பொருள் கூறினார். 671ஆம் ஆண்டில் சீனத்தை விட்டுப் புறப்பட்ட பௌத்தத் துறவி இ-சிங், கடாரத்தின் வழியாகவே இந்தியா சென்றார். ஆனைமங்கலச் செப்பேடுகள் மற்றொரு செய்தியை உரைக்கின்றன. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு, முதலாம் இராசராசன் தனது 21ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1006ஆம் ஆண்டையொட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். அதன்பின் இருபது ஆண்டுகள் கழிவதற்குள், 1025இல், அவன் மகன் இராசேந்திரனின் கடற்படை அதே கடாரத்தைத் தாக்கியது. கொடையும் படையெடுப்பும் அடுத்தடுத்த இரு தலைமுறைகளின் செயல்கள்.

மலையடிவாரத்துச் சான்றுகள் இதனினும் பழமையானவை. செபராங் பிறையில் ஜேம்ஸ் லோ என்னும் பிரித்தானிய அதிகாரி 1834இல் கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவனைக் குறிப்பிடுகின்றது. அது ஐந்தாம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பர். 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் தம் மனைவியாரோடு பள்ளத்தாக்கின் பல இடங்களை அகழ்ந்தார். புக்கிட் பத்து பகாட்டிலுள்ள சிவன் கோயிலை அலஸ்தேர் லேம்ப் 1959, 1960ஆம் ஆண்டுகளில் மீண்டும் ஆய்ந்து சீரமைத்தார். சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2009 முதல் நடத்திய அகழ்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், உலைக்குக் காற்றூதிய களிமண் குழாய்களும், ஆற்றுத்துறைக் கட்டுமானங்களும் வெளிப்பட்டன. அவற்றுள் மிகப் பழையவற்றின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், வணிகர் வந்து செல்லும் துறையாக மட்டுமன்றி, உழைப்பாளர் இரும்பு ஆக்கிய தொழிற்களமாகவும் இம்மண் விளங்கியது என்பதில் ஐயமில்லை.

மலையுச்சியிலும் செங்கல், கருங்கல் கட்டடங்களின் எச்சங்கள் காணப்பட்டன. அவை வழிபாட்டிடத்தைச் சார்ந்தவை என்பார் சிலர். கப்பல்களுக்கு வழிகாட்டத் தீ மூட்டிய மேடை என்பார் வேறு சிலர். இரண்டும் ஓரிடத்தே இருந்திருத்தலும் கூடும்.

இங்கேதான் ஆசிரியர்க்கு ஒரு கடமை எழுகின்றது. மாணவரை இம்மலைக்கு அழைத்துச் செல்லும்போது, ‘இவையெல்லாம் சோழன் கட்டியவை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் எளிது, கேட்போர்க்கும் இனிது. ஆனால், புத்தகுப்தனின் கல்வெட்டு இராசேந்திரனின் படையெடுப்புக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேல் முற்பட்டது. உள்ளூர் மக்கள், வங்கத்தார், தமிழர், சீனர், அரபியர் எனப் பலரும் கூடிய துறையை ஓர் அரசனின் வெற்றிச் சின்னமாக மட்டும் காட்டுதல், அவ்வரசனுக்கும் பெருமை சேர்ப்பதாகாது. தமிழர் இங்கு வந்ததும் வாழ்ந்ததும் உண்மை. அவ்வுண்மைக்கு மிகைச்சொல் வேண்டுவதில்லை.

கவனமின்மை எத்துணை இழப்பைத் தரும் என்பதற்கும் இப்பள்ளத்தாக்கே சான்று. பதினோராம் எண் சண்டி எனக் குறிக்கப்பெற்ற பழங்கோயிலின் அடித்தளம் நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்ட செய்தி 2013 திசம்பரில் வெளிவந்தது. பல நூற்றாண்டு மழைக்குத் தப்பிய கற்கள், ஓர் இயந்திரத்திற்குத் தப்பவில்லை. நாடெங்கும் எழுந்த வருத்தக் குரல், கற்கள் பெயர்ந்த பின்னரே எழுந்தது.

ஆகவே, ஜெராய்ப் பயணத்தைத் திட்டமிடுவோர் உச்சியை விடுத்து அடிவாரத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். முதல் நாள் மெர்போக்கிலுள்ள தொல்பொருட் காட்சியகத்திற்கு உரியது. 1980இல் திறக்கப்பெற்ற அக்காட்சியகத்தின் வளாகத்தில் புக்கிட் பத்து பகாட் கோயிலின் விமானமும் மண்டபமும் அமைந்திருந்த தளங்களை மாணவர் அளந்து வரையலாம். கோயிலருகே ஓடும் சிற்றாற்றையும் அவர்கள் காணட்டும். அடித்தளத்துக் கற்கள் எங்கிருந்து வந்தன என்ற வினா அங்கே தானாகவே பிறக்கும்.

மறுநாளே மலைக்குரியது. காட்டு வழியில் நடப்போர் வனத்துறையின் இசைவையும் வழியறிந்தவரின் துணையையும் பெறுதல் இன்றியமையாதது. மழை மிகுந்த செப்டம்பர், அக்டோபர் மாதங்களைத் தவிர்த்து, மழை குன்றிய சனவரி, பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தல் நலம். 2021 ஆகத்து 18ஆம் நாள் இம்மலையின் ஓடைகளில் திடீரெனப் பெருக்கெடுத்த வெள்ளம் உயிர்களைக் கொண்டு சென்றதை நினைவிற்கொண்டு, மேலே கருமேகம் திரண்டால் ஓடைக்கரையை விட்டு உடனே விலகுதல் வேண்டும். உச்சியின் ஒரு பகுதி தொலைத்தொடர்புக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் ஒதுக்கப்பட்டிருப்பதால், எவ்விடம்வரை செல்லலாம் என்பதையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

மேகம் விலகிய காலைப்பொழுதில் உயரத்திலிருந்து நோக்கினால் மேற்கே கடலும், கீழே மெர்போக் ஆற்றின் வளைவுகளும், வயல்களும் தோட்டங்களும் தெரியும். அத்தோட்டங்களில் இருபதாம் நூற்றாண்டில் பால்மரம் சீவிய தமிழர் பலர், தாம் நாள்தோறும் கண்ட மலை பழந்தமிழ் நூலுரையில் இடம்பெற்ற ஊரின் மலை என்பதை அறியாமலே வாழ்ந்து மறைந்தனர். அவர்க்கு அதனை எடுத்துரைப்பார் இல்லை. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். மலை எங்கும் போய்விடவில்லை. ஆனால், அதன் அடிவாரத்துக் கற்கள் என்றும் அங்கேயே இருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. அவற்றைக் கண்டு, அளந்து, உண்மையோடு எழுதிவைக்கும் மாணவர் கூட்டமே அவற்றுக்கு உற்ற காவல்.